தடுத்தவர் பெயரையும் எழுதிவைப்போம்

(பதுளையில் ஆசிரியர்கள், பாடசாலை மாணவர்கள், தோட்ட விளையாட்டுக் கழகத்தினர் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் நம் ஊர்க்காரர் இல்லை. ஆபிரிக்காவில், கொங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் 1966ஆம் ஆண்டு பிறந்தவர். 7 அடி 2 அங்குல உயரம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் 18 பருவங்கள் ஆடியவர். பெயர் டிக்கெம்பே முட்டொம்போ. 2009இல் ஓய்வு பெற்றார். 2024 செப்டம்பர் 30ஆம் திகதி மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 58.

அவர் மறைந்தபோது ரசிகர்கள் எதை நினைத்து உருகினார்கள் தெரியுமா? அவர் போட்ட புள்ளிகளை நினைத்தல்ல. அவருடைய வாழ்நாள் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 9.8 புள்ளி, பத்துக்கூட இல்லை. சாம்பியன் பட்டமும் அவருக்கு ஒருமுறையும் கிட்டவில்லை. ரசிகர்கள் நினைத்தது அவர் தடுத்த பந்துகளை. வளையத்தை நோக்கி வந்த பந்தை அந்த நீண்ட கை தட்டிவிட்டதை, தட்டிவிட்டபின் ஆள்காட்டி விரலை உயர்த்தி இடமும் வலமும் ஆட்டியதை. “இந்தப் பக்கம் கொண்டுவராதே” என்று வாயால் சொல்லாமல் விரலால் சொன்ன அந்த ஓர் அசைவைத்தான் ஒரு தலைமுறையே நெஞ்சில் வைத்திருந்தது.

பதுளையில் கூடியிருக்கும் நமக்கு இவர் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணம் வைத்திருக்கிறேன். நம் தோட்டங்களில் உயிரோடிருக்கும் விளையாட்டு கரப்பந்தாட்டம். அங்கேயும் வலையோரம் நின்று தடுப்பவர் இருக்கிறார். அவரை நாம் மறந்துவிடுகிறோம். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் இந்த மனிதர் கட்டிய ஒரு வைத்தியசாலை. அந்த வைத்தியசாலை எழுந்த காரணத்தை மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூடைப்பந்து நமக்குத் தூரத்து விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இந்தப் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிப் போகிற ஏ5 வீதி செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் கிட்டத்தான். இலங்கைத் தமிழரின் கூடைப்பந்துக்குத் தாய்வீடு எது என்று கேட்டால் அந்த நகரத்துப் புனித மிக்கேல் கல்லூரியைத்தான் சொல்லுவார்கள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த யேசுசபைக் குருமார் அங்கே பாடமும் சொன்னார்கள், பந்தும் சொல்லிக்கொடுத்தார்கள். வெபர் அடிகளார் பெயரில் மட்டக்களப்பில் இன்றும் விளையாட்டரங்கு இருக்கிறது. யூஜின் ஹேபியர் அடிகளார் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு புறப்பட்ட அவர் வந்து சேரவேயில்லை. இருவரும் காணாமற் போனவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அவரிடம் பந்து பிடிக்கக் கற்றவர்கள் அவரை இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. விளையாட்டில் வருகிற அன்பு இப்படித்தான் வேர் விடும். ஆள் போய்விடுவார், அவர் கற்றுக்கொடுத்த கால்வைப்பு அடுத்தவன் காலில் இருக்கும்.

கூடைப்பந்தும் கரப்பந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கினார். நான்கு வருடத்துக்குள், 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். இருவருமே வை.எம்.சி.ஏ. காரர்கள். இலங்கைக்குக் கரப்பந்தாட்டத்தை 1916இல் கொண்டுவந்ததும் கொழும்பு வை.எம்.சி.ஏ.தான். 1991இல் அதுவே நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் அது ஊன்றியதற்குக் காரணம் எளிது. பெரிய மைதானம் தேவையில்லை. ஸ்டோருக்குப் பக்கத்திலோ கோவிலடியிலோ சமதரையாக ஒரு துண்டு நிலம், இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீடு திரும்பினால் அந்தத் துண்டு நிலம் திருவிழாவாகிவிடுகிறது.

அந்தத் திருவிழாவில் யாருக்குக் கை தட்டுகிறோம்? அடித்தவனுக்கு. பந்து தரையில் இடித்த சத்தம் கேட்டதும் லயத்து வாசல் வரை ஆரவாரம் போகிறது. வலைக்கு மேலே நாலு கைகள் எழும்பி அந்த அடியை அப்படியே திருப்பி அனுப்பினாலும் ஆரவாரம் உண்டுதான். ஆனால் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாம் பேசுவது அடித்தவனைப் பற்றி. புளொக் பண்ணியவன் பெயர் அடுத்த வருடம் யாருக்கும் ஞாபகம் இராது.

தடுப்பது என்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று ஒரு நிமிடம் பார்ப்போம்.

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம், 3.05 மீற்றர். ஒருவன் பந்தோடு வளையத்தை நோக்கி எழும்புகிறான். தடுப்பவன் அவனுக்கு முன்னே எழும்பினால் ஏமாந்தான். அடிப்பவன் பந்தைப் பிடித்துக்கொண்டு இவன் இறங்கும் வரை காத்திருப்பான். பிந்தி எழும்பினால் பந்து போய்விடும். எதிராளியின் கால் தரையை விட்ட பிறகு இவன் கால் எழும்ப வேண்டும். ஆனாலும் இவன் கை முந்திப் போய்ச் சேர வேண்டும். உடம்பு உடம்பில் படக் கூடாது, கை கையில் படக் கூடாது. பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது தொட்டால் சரி. உச்சிக்குப் போய் வளையத்தை நோக்கி இறங்கத் தொடங்கிய பின் தொட்டால் விதிமீறல். கூடை விழுந்ததாகவே கணக்கு. கண்ணிமைக்கும் பொழுதில் இத்தனையும் நடக்க வேண்டும். ஐந்து தவறு செய்தால் சர்வதேச ஆட்டத்தில் வெளியே போக வேண்டும், என்.பி.ஏ.யில் ஆறு. ஆகவே தடுப்பவனுக்குத் துணிச்சல் எவ்வளவு தேவையோ அடக்கமும் அவ்வளவு தேவை.

வலைப்பந்து ஆடும் தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வளையமும் அதே 3.05 மீற்றர்தான். ஆனால் பந்து எறிபவரிடமிருந்து நீங்கள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைத் தாண்டிக் கை நீட்டித் தடுப்பது இன்னும் கடினம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் ஏவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் எறிபவராக நின்றபோது எதிரணிப் பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 208 சென்ரிமீற்றர் உயரம். உலகிலேயே மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது அந்தக் கைகளை நம்பித்தான். “இவ்வளவு நெட்டையாக வளர்ந்துவிட்டாளே” என்று ஊர் கவலைப்படும் ஒரு பெண்பிள்ளை இந்தச் சபையில் இருந்தால், மகளே, நிமிர்ந்து உட்கார். உன் உயரத்துக்கு வேலை இருக்கிறது.

இனி முட்டொம்போவின் கதைக்கு வருவோம். அவர் அமெரிக்காவுக்குப் போனது பந்து ஆட அல்ல. 1987இல் உதவிப் பணம் பெற்று வாஷிங்டனிலுள்ள ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது வைத்தியராக வேண்டும் என்பதே எண்ணம். அங்கே ஜோன் தொம்சன் என்ற பயிற்றுநர் இந்த உயரமான மாணவனைப் பார்த்துவிட்டார். அடுத்த பருவங்களில் முட்டொம்போவும் அலொன்சோ மோர்னிங் என்ற இன்னொரு நெடியவரும் வளையத்தடியில் நின்றபோது எதிரணியின் பந்து உள்ளே போவது அபூர்வமாயிற்று. ரசிகர்கள் அவர்கள் தடுக்கும் பந்துகளைக் கொண்டாடவென்றே அரங்கில் ஒரு வரிசை பிடித்து உட்கார்ந்தார்கள். 1989இல் ஒரே ஆட்டத்தில் 12 பந்துகளைத் தடுத்தார் முட்டொம்போ. மருத்துவப் படிப்பு கைநழுவியது. ஆனாலும் 1991இல் மொழியியலும் இராஜதந்திரமும் படித்துப் பட்டத்தோடு வெளியே வந்தார். ஒன்பது மொழி பேசுவார் என்று சொல்லுவார்கள்.

அந்த வருடமே டென்வர் நகெட்ஸ் அணி அவரைத் தெரிவு செய்தது. மூன்றாவது பருவம் முடிந்து, 1994 மே மாதம். அந்தப் போட்டியை உங்களுக்கு விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி சியாட்டில் சூப்பர்சொனிக்ஸ். அந்தப் பருவத்தில் 63 வெற்றி. டென்வர் எட்டாவது இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த அணி; வெற்றி 42. முதற்சுற்றில் மூன்று ஆட்டம் வென்றவர் மேலே போவார். முதல் இரண்டு ஆட்டமும் சியாட்டிலில். இரண்டிலும் டென்வர் தோற்றது. எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை வென்றதாக அதுவரை வரலாறே இல்லை. ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். டென்வரில் நடந்த மூன்றாவது ஆட்டத்தை வென்றார்கள். நான்காவதையும் வென்றார்கள். மே 7ஆம் திகதி, திரும்பவும் சியாட்டிலில் ஐந்தாவது ஆட்டம். நேரம் முடிந்தபோது சமநிலை. மேலதிக நேரம். கடைசி விநாடிகளில் சியாட்டில் வீரர் எறிந்த பந்து தவறியது. இரண்டு கைகளாலும் அதைப் பறித்தார் முட்டொம்போ. மணி அடித்தது. 98க்கு 94. அந்த நெடிய மனிதர் பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி தரையில் விழுந்து கிடந்தார். முகம் முழுக்கச் சிரிப்பும் நம்ப முடியாத திகைப்பும். ஐந்து ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகள் 31.

பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கொண்டாடும் படங்கள் ஆயிரம் இருக்கின்றன. கூடைக்குள் போகாத பந்தை மார்போடு அணைக்கிற அளவுக்கு நேசித்த ஒருவனின் படம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த விரலாட்டம் டென்வரில் ஆடிய காலத்தில் வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை, தடுக்கப்பட்டவர்களுக்கு எரிச்சல். எதிராளியின் முகத்துக்கு நேரே விரல் ஆட்டினால் விதிமீறல் என்று பின்னாளில் கட்டுப்பாடு வந்தது. முட்டொம்போ விரலை விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஆட்டினார். அதனால் ரசிகர்களுக்கு அது இன்னும் நெருக்கமாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1997இல் முட்டொம்போ அட்லாண்டாவுக்கு ஆடினார். எதிரே சிக்காகோ அணியின் மைக்கல் ஜோர்டன். அவர் முட்டொம்போவின் தலைக்கு மேலே பந்தை வளையத்துக்குள் அமுக்கிவிட்டு, அதே விரலை அவரைப் பார்த்தே ஆட்டிக் காட்டினார். அந்தக் காட்சியை உலகம் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தது. தடுக்கப் போகிறவனுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒதுங்கி நிற்பவனை யாரும் கேலி செய்ய முடியாது. அவன் படத்திலேயே இருக்க மாட்டான். எழும்பியவன்தான் அகப்படுவான். முட்டொம்போ அடுத்த பந்துக்கும் எழும்பினார். அந்தப் பருவத்திலும் அதற்கு அடுத்ததிலும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே. 1995, 1997, 1998, 2001 என்று நான்கு முறை அந்த விருது. 2007 மார்ச் மாதம், 40 வயதில், ஒரே ஆட்டத்தில் 22 பந்துகளை வளையத்தடியில் பறித்தார். 2009 ஏப்ரலில் போர்ட்லண்டில் முழங்கால் உடைந்து விழுந்தபோதுதான் நிறுத்தினார். 2015இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டாவும் டென்வரும் அவருடைய 55ஆம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அரங்கில் உயர்த்தி மாட்டின.

வாழ்நாளில் அவர் தடுத்த பந்துகள் 3,289. அவருக்கு மேலே ஒரே ஒருவர், நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவன், 3,830. இன்னொருவரையும் சொல்லவேண்டும். சூடானிலிருந்து வந்த மனூட் போல், 7 அடி 7 அங்குலம். அவர் போட்ட புள்ளிகள் 1,599. தடுத்த பந்துகள் 2,086. போட்டதைவிடத் தடுத்தது அதிகம் என்ற கணக்கோடு ஓய்வு பெற்றவர். சம்பாதித்ததில் பெரும்பங்கைப் போரால் சிதைந்த தன் மக்களுக்கே கொடுத்துவிட்டு 2010இல் மறைந்தார்.

இந்த எண்களில் ஒரு பாடம் இருக்கிறது. என்.பி.ஏ. தடுத்த பந்துகளை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அதற்கு முன் ஆடியவர் பில் ரசல். 1957க்கும் 1969க்கும் இடையில் 11 முறை சாம்பியன். தடுப்பாட்டம் என்ற கலைக்கே அவரைத்தான் மூலவர் என்பார்கள். பந்தை வெளியே அடித்து விரட்டாமல், தன் அணிக்காரன் கையில் விழும்படி மெதுவாகத் தட்டுவார். அவர் வாழ்நாளில் எத்தனை பந்து தடுத்தார்? கணக்கு இல்லை. எண்ணவில்லை, ஆகவே இல்லை. அவர் போட்ட ஒவ்வொரு புள்ளியும் ஏட்டில் இருக்கிறது. அவரைப் பெரியவராக்கிய வேலை ஏட்டில் இல்லை. அது தப்பிப் பிழைத்தது பார்த்தவர்களின் நினைவில் மட்டும்.

ரசிகர்களின் ஞாபகம் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். நடந்ததை ஏடு எழுதிக்கொள்ளும். நடக்காமல் தடுக்கப்பட்டதை யார் எழுதுவது? பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் சாட்சி.

இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மலைச்சரிவில் மழைநீர் வடியக் கான் வெட்டுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து எத்தனை கிலோ என்று தராசு சொல்லும், செக்ரோலில் ஏறும். கான் வெட்டியவரால் மழைக்கு அடித்துப் போகாமல் நின்ற மண் எத்தனை கிலோ? அதற்குத் தராசு இல்லை. தடுக்கத் தவறினால் மட்டும் உலகத்துக்குத் தெரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, தடுக்கும் கை எழும்பவில்லை. அங்கே போன உயிர்களை நாம் வருடாவருடம் விளக்கேற்றி நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். தடுத்தவர்களையும் நினைக்கப் பழகிய சமூகமாக இருந்தால், தடுப்பதன் மதிப்பு நமக்கும் நம்மை ஆள்பவர்களுக்கும் முன்கூட்டியே உறைத்திருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இப்போது அந்த வைத்தியசாலைக்கு வருகிறேன்.

முட்டொம்போவின் தாயார் பெயர் பியாம்பா மரி. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொங்கோவில் ஆட்சி மாறும் கலவரம். கின்ஷாசாவில் வீதிகள் அடைபட்டிருந்தன. அந்த அம்மாவுக்கு வீட்டில் உடம்புக்கு முடியாமற் போனது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டிலேயே உயிர் போய்விட்டது. மகன் அப்போது அமெரிக்காவில் பெரும்பணம் சம்பாதிக்கும் நட்சத்திர வீரர். உலகமே பார்க்க எத்தனையோ பந்தைத் தடுத்த கை, பெற்ற தாயின் மரணத்தைத் தடுக்கப் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருந்தது.

அவர் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 1997இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். தாய் பெயரில் கின்ஷாசாவில் 300 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை கட்டுவது என்று முடிவெடுத்தார். ஏறத்தாழ 2 கோடி 90 இலட்சம் டொலர் செலவு. அதில் பாதிக்கு மேல் அவர் கைப்பணம். 2007இல் நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. அந்த நகரத்தில் அப்படியொரு நவீன வைத்தியசாலை எழுந்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியிருந்தது. வைத்தியராகப் படிக்கப் போன பிள்ளை வைத்தியராகவில்லை. வைத்தியர்கள் வேலை செய்ய ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். மனைவியின் இறந்துபோன சகோதரர்களின் பிள்ளைகள் நால்வரையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார்.

இந்தக் கதையைக் கேட்கும்போது இங்கே இருக்கும் தாய்மாரின் முகத்தைப் பார்க்கிறேன். உங்களுக்கு இது கொங்கோவின் கதை மட்டும் இல்லை. மேல் கணக்கு லயத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருக்கிறது. பாதையோ கல்லும் குழியும். தோட்டத்து லொறியை எழுப்ப வேண்டும், அல்லது தெரிந்தவர் ஓட்டோவைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். பாதை விட்ட இடத்திலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்க நாலு ஆண்கள் வேண்டும். அப்படித் தூக்கி இறக்கிப் பதுளைப் பெரியாஸ்பத்திரி வாசலில் சேர்த்து, தாயும் பிள்ளையும் உயிரோடு திரும்பிய கதை உங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. அந்த நாலு பேருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? பிறப்புப் பத்திரத்தில் தாய் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு. ஒரு சாவைத் தடுத்தவர்களின் பெயருக்கு அதில் கட்டம் இல்லை.

1948இல் நம் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது வாக்குப் போனது, குரல் போனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை. அந்த அரை நூற்றாண்டில், பேர்ப்பதிவு கிடையாத ஒரு சமூகத்தில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவிடாமல் தடுத்த தாய் எத்தனை பேர்! கொழுந்துக்கு வா என்று கூப்பிட்ட நாளில் “அவள் படிக்கட்டும்” என்று வாசலை மறித்து நின்ற பாட்டிமார் எத்தனை பேர்! இன்று உங்கள் பிள்ளைகளில் ஆசிரியர் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், பட்டதாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் போட்ட புள்ளி நம் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் நின்று தடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி விழுந்திராது.

முட்டொம்போவின் ரசிகர்களிடம் நாம் கற்க வேண்டியது இதைத்தான். அவர்கள் பொல்லாத ஞாபகசாலிகள். எந்த வருடம், எந்த ஊர், யார் எறிந்த பந்து, இவர் எந்தக் கையால் தட்டினார், தட்டிய பந்து எத்தனையாவது வரிசையில் போய் விழுந்தது என்றெல்லாம் சொல்லுவார்கள். ஆட்டம் ஓய்ந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் முகம் மலர்ந்தவர்கள் அவர்கள். தடுத்ததைக் கொண்டாடிப் பழகிய கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் அன்புதான் ஒரு வைத்தியசாலைக்குப் பணம் திரட்டப் புறப்பட்டவருக்குப் பின்பலமாக நின்றது.

ஆகவே கழகத்துத் தம்பிமாரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறேன்.

இந்த வருடத் தீபாவளிக்குப் பந்தயம் வைப்பீர்கள். கணக்கு எழுத ஒரு கொப்பி வைத்திருப்பீர்கள். அந்தக் கொப்பியில் இன்னொரு கோடு போடுங்கள். அடித்த புள்ளிக்கு ஒரு கட்டம் இருப்பதுபோலத் தடுத்த பந்துக்கும் ஒரு கட்டம். யார் தடுத்தார், எந்த செட், எதிரே அடித்தவர் யார் என்று எழுதுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. ஒரு பென்சிலும் கண்ணை எடுக்காத ஒரு பிள்ளையும் போதும். பரிசு கொடுக்கும்போது அதிகம் தடுத்தவருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். பில் ரசலுக்கு நேர்ந்தது உங்கள் தோட்டத்து வீரனுக்கு நேரவேண்டாம்.

அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். “உன் தோட்டத்தில் யார் எதைத் தடுத்தார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா.” நாற்காலி தூக்கியவர்கள் பெயர் வரும். மழையில் கான் அடைபடாமல் காத்தவர் பெயர் வரும். பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவிடாமல் மறித்த பாட்டி பெயர் வரும். ஊவாவின் நூறு தோட்டத்தில் நூறு கொப்பி நிறைந்தால், அது எந்தச் சரித்திர ஆசிரியரும் இதுவரை எழுதாத மலையக வரலாறாக இருக்கும். எழுதியவை பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். அடுத்து வரும் பிள்ளை எடுத்துப் படித்துவிட்டு, தன் தோட்டத்துக்குத் தேவையான கையை எப்போது எங்கே உயர்த்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும்.